ஏடு சுமந்த மரக்கலம்

பெரும்புலவர் ஒருவரைக் கல்விக்கடல் என்பர். ஒரு துறையை முற்றக் கற்றவரைக் கரைகண்டவர் என்பர். தமிழில் பழகித் தேய்ந்த இவ்வழக்குகளில் எல்லாம் கடலின் பரப்பும் ஆழமுமே கருதப்படுகின்றன. ஆனால் கடலுக்கு வேறொரு குணமும் உண்டு. தன்னைத் தீண்டிய எதனையும் அது இருந்தபடியே இருக்க விடுவதில்லை. கரையை அரிக்கும், அரித்த மணலை வேறோர் இடத்திற் கொண்டுபோய்க் குவிக்கும், ஓரூரின் துறையைத் தூர்த்து இன்னோரூரின் துறையைத் திறந்துவிடும். நூலொன்றை உள்ளபடி படிப்பவனுக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுதான். இதனை உவமையாக அன்றி வரலாறாகவே காட்டும் நிகழ்ச்சித் தொடரொன்று கி.பி. ஐந்தாம் நூற்றாண்டிலே நடைபெற்றது. அதில் வரும் நூல்களும் மெய்யான நூல்கள். கடலும் மெய்யான கடல். இலங்கைத் தீவு அதன் நடுவே நிற்கிறது.

கி.பி. 399ஆம் ஆண்டிலே, சீனத்துச் சாங்கான் நகரிலிருந்து பிக்குகள் சிலர் மேற்றிசை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பாஹியன். சிறு குழந்தையாய் இருந்தபொழுதே மடத்தில் சேர்க்கப்பட்டவர்; புறப்படும்பொழுது அவருக்கு ஏறக்குறைய அறுபது வயது. அந்த வயதிலே மனிதர் பயணங்களை முடித்துக்கொள்வது வழக்கமேயன்றித் தொடங்குவது வழக்கமன்று. அவரைக் கிளப்பியது ஒரு நூற்குறை.

பௌத்த சங்கத்தின் ஒழுக்க விதிகளைத் தொகுத்துக் கூறும் பகுதிக்கு விநயம் என்று பெயர். பிக்கு எப்பொழுது உண்ணலாம், எதனை உடுக்கலாம், பிழை செய்தவன் அதனை யார் முன்னிலையில் எடுத்துரைக்க வேண்டும், புதியவன் ஒருவனைச் சங்கத்திற் சேர்ப்பதற்கு எத்தனை பேர் கூடியிருக்க வேண்டும் என்பன போன்ற நுணுக்கமான செய்திகள் அதில் அடங்கும். தத்துவம் பேசும் சூத்திரங்கள் பல சீனத்துக்கு வந்து மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. விநயமோ முழுமையாக வந்து சேரவில்லை. வந்த பகுதிகளும் சிதைந்தும் குறைந்தும் கிடந்தன. மிகப் பலர் இருந்ததைப் படித்து அமைதியடைந்தனர். பாஹியன் இல்லாததையும் சேர்த்துப் படித்தார். நூலிலே காணாமற்போன ஏடு தம் வாழ்க்கையிலும் காணாமற்போன ஏடு என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் ஒருமுறை வந்துவிட்டபின் இருந்த இடத்தில் இருப்பது அவருக்கு இயலாததாயிற்று.

வழியிலே பாலைநிலம் குறுக்கிட்டது. பாதை காட்ட அங்கே மரமில்லை, கல்லில்லை. முன்னே சென்று மாண்டவர்களின் எலும்புகளே வழிக்குறிகளாய்க் கிடந்தன என்று அவர் பின்னாளில் எழுதிய பயணக் குறிப்புக் கூறுகிறது. மலைப்பனியிலே தோழர் ஒருவர் உயிர்விட்டார். வேறு சிலர் இடைவழியிற் பிரிந்தனர். இவ்வளவும் கடந்து வடஇந்தியாவை அடைந்தபொழுது காத்திருந்தது ஏமாற்றமே. அங்கே ஆசிரியர்கள் விநயத்தை வாயாற் சொல்லினர். மாணவர் காதாற் கேட்டு மனத்திற் பதித்தனர். படியெடுத்துக்கொள்ள எழுதிய நூல் கிட்டவில்லை. கேள்விச் செல்வத்தைப் பெரிதாய்ப் போற்றிய மரபு அது. எனினும் தொலைநாட்டிலிருந்து வந்த முதியவர் ஒருவர் கேள்வியறிவை எப்படிச் சுமந்துகொண்டு திரும்புவார்?

மேலும் கிழக்கே நடந்து பாடலிபுத்திரத்தை அடைந்தார். அங்கே மகாயான மடமொன்றிலே மகாசாங்கிகர் என்னும் பிரிவினரின் விநயம் ஏட்டிலே கிடைத்தது. ஆனால் அது இருந்தது வடமொழியில். எனவே அறுபதைத் தாண்டிய அத்துறவி மீண்டும் மாணவராய் அமர்ந்தார். எழுத்தறிந்து, மொழியறிந்து, அந்நூலைத் தம் கையாலேயே படியெடுத்து முடிக்க மூன்று ஆண்டுகள் சென்றன.

இங்கே ஒரு சிறு நிகழ்ச்சி குறிப்பிடத் தக்கது. சாங்கானில் உடன் புறப்பட்டவர்களுள் இறுதிவரை எஞ்சியிருந்தவர் தாவோசெங் என்ற ஒரே தோழர். மத்திய இந்தியப் பிக்குகளின் ஒழுக்கத்தையும் அமைதியையும் கண்ட அவர், தம் நாட்டுச் சங்கம் எவ்வளவு குறையுடையது என்று எண்ணி வருந்தி, இனி அங்கே திரும்புவதில்லை என்று முடிவு செய்து பாடலிபுத்திரத்திலேயே தங்கிவிட்டார். பாஹியனும் அதே ஒழுக்கத்தைக் கண்டவர். அதே குறையை எண்ணி வருந்தியவர். ஆயினும் விநயத்தைத் தம் நாட்டு மக்களிடம் கொண்டு சேர்ப்பதற்கே வந்தோம் என்று கூறித் தனியராய்த் திரும்பினார். நூல் ஒன்று, அது காட்டிய குறை ஒன்று, ஒருவரை அது தங்கவைத்தது, மற்றவரைத் திருப்பி அனுப்பியது. தாவோசெங்கின் முடிவைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அவரும் மாறியவரே. ஒரே அலை ஒரு மரத்துண்டைக் கரையிலே சேர்க்கும். மற்றொன்றை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும்.

கங்கையின் கழிமுகத்தருகே இருந்த தாமிரலிப்தித் துறையில் மேலும் இரண்டு ஆண்டுகள் தங்கிச் சூத்திரங்களைப் படியெடுத்தபின், வாடைக் காற்றுத் தொடங்கிய பருவத்திலே வணிகர் கலமொன்றில் ஏறினார் பாஹியன். பதினான்கு இரவும் பகலும் ஓடிய கலம் சிங்களத் தீவை அடைந்தது.

அநுராதபுரம் அப்பொழுது பெருநகர். அபயகிரி விகாரையில் ஐயாயிரம் பிக்குகளும் மகாவிகாரையில் மூவாயிரம் பிக்குகளும் இருந்தனர் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். இத்தீவு ஏட்டுக்குப் பெயர்பெற்றது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். வாய்மொழியாய் வந்த பாளித் திருமுறைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் என்ற அரசன் காலத்தில், எழுத்திலே பதியப்பட்டன. மாத்தளையை அடுத்த அலுவிகாரையே அது நடந்த இடமென்று மரபு கூறும். ஏடு தேடுவோர் பல திசைகளிலிருந்தும் இங்கே வந்து போயினர். சோழநாட்டு உறையூரினர் எனப்படும் புத்ததத்தர் இந்நூற்றாண்டிலே மகாவிகாரையிற் கற்றுத் திரும்பி, காவிரிப்பூம்பட்டினத்து மடமொன்றில் இருந்து பாளியிலே நூல்கள் இயற்றியவர். அவர் திரும்பிய தோணியும், உரைநூல்களை மொழிபெயர்க்க இலங்கைக்கு வந்துகொண்டிருந்த புத்தகோசரின் தோணியும் நடுக்கடலிலே சந்தித்தன என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ அன்றோ, அக்காலத்துக் கடல் எப்படிப்பட்டது என்பதை அது நன்றாகவே காட்டுகிறது. மிளகும் முத்தும் போன வழியிலே நூலும் போய்வந்தது.

அபயகிரி விகாரையில் பச்சைக்கல்லாற் செய்த பெரிய புத்தர் படிமம் ஒன்று இருந்தது. ஒருநாள் அதன் முன்னே சென்ற பாஹியன், வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறியைக் கண்டார். அது சீனத்துப் பட்டு. தாய்நாட்டை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கண்ட மனிதர் யாவரும் அந்நியர். உடன் வந்தோரில் சிலர் இறந்தனர், சிலர் தங்கிவிட்டனர். விசிறியைக் கண்ட மாத்திரத்தில் அவர் கண்களில் நீர் நிறைந்து வழிந்தது. பனிமலையையும் பாலையையும் கடந்தவரை ஒரு சாண் பட்டுத்துணி கலங்கச் செய்தது. நூல் அவரை வேறு மனிதராக்கியது உண்மை. ஊர் நினைவு அற்றவராக்கிவிடவில்லை.

இவ்வூரிலேயே மற்றோர் அனுபவமும் அவருக்கு வாய்த்தது. இந்தியாவிலிருந்து வந்த துறவி ஒருவர் உயர்ந்த ஆசனத்தில் இருந்து, புத்தரின் பிட்சாபாத்திரம் காலந்தோறும் நாடுவிட்டு நாடு செல்லும் என்னும் செய்தியைக் கூறும் சூத்திரமொன்றை ஓதினார். கேட்டு உருகிய பாஹியன் அதனை எழுதிக்கொள்ள விரும்பினார். அதற்கு ஏடு ஏதும் இல்லை, வாயால் ஓதுவது மட்டுமே தமக்குத் தெரியும் என்று அத்துறவி விடை கூறினார். வடஇந்தியாவில் கண்ட ஏமாற்றம் இலங்கையிலும் ஒருமுறை எட்டிப்பார்த்தது. எனினும் கேட்டதன் சாரத்தைத் தம் பயணக் குறிப்பிலே அவர் எழுதிவைத்தார். அச்சூத்திரத்தை அவர் கேட்டதற்குச் சான்று அவ்வளவே.

இரண்டு ஆண்டுகள் தங்கிய பாஹியனுக்கு இலங்கையிலே நான்கு நூல்கள் கிடைத்தன. மகீசாசகர் என்னும் பிரிவினரின் விநயம், தீர்க்காகமம், சம்யுக்தாகமம், பல்வகைச் செய்திகள் அடங்கிய தொகுப்பொன்று என்பன அவை. சீனம் அதுவரை பெற்றிராத நூல்கள் இவை என்று மனநிறைவோடு குறித்திருக்கிறார். 411ஆம் ஆண்டிலே அவற்றைச் சுமந்துகொண்டு கலமேறினார்.

இருநூற்றுக்கு மேற்பட்டோர் ஏறிய பெரிய மரக்கலம் அது. ஆபத்துக்கு உதவும்பொருட்டுப் பின்னே சிறு தோணியொன்றும் கயிற்றாற் கட்டியிருந்தது. ஓரிரு நாள் நல்ல காற்று வீசியது. அதன்பின் புயல் எழுந்தது. கலத்தில் ஓட்டை விழுந்து நீர் புகுந்தது. வணிகர் தோணிக்குத் தாவ முயன்றனர். தோணியில் முன்னரே ஏறியிருந்தோர், பலர் வந்தால் தாமும் மூழ்குவோம் என அஞ்சிக் கயிற்றை அறுத்துவிட்டனர். கலத்தில் எஞ்சியவர்கள் பாரத்தைக் குறைக்கத் தம் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாஹியனும் தம் நீர்க்குடத்தையும் கைகழுவும் பாத்திரத்தையும் பிற உடைமைகளையும் எறிந்தார். அவரிடம் மீந்தவை ஏடுகளும் படிமங்களுமே. சரக்கை இழந்த வணிகருக்கு அந்தக் கட்டுகள் எப்படித் தோன்றியிருக்கும்? படிக்கத் தெரியாதவன் கண்ணுக்கு ஏடு வெறும் பாரம். அவர்கள் அவற்றையும் பிடுங்கி எறிந்துவிடுவார்களோ என்பதே அந்நேரத்தில் அவரை வாட்டிய அச்சம். தம் உயிருக்கு அஞ்சியதாக அவர் அங்கே எழுதவில்லை. நூலைத் தேடியே இவ்வளவு தூரம் வந்தேன், நூலோடு கரைசேர வேண்டும் என்று அவலோகிதரை வேண்டியதாகவே எழுதுகிறார்.

பதின்மூன்று நாள் வீசிய புயலின்பின் கலம் தீவொன்றை ஒட்டியது. வற்றுநீரில் ஓட்டையைக் கண்டு அடைத்து மீண்டும் ஓட்டினர். எல்லையற்ற கடலில் கிழக்கும் மேற்கும் தெரியவில்லை; சூரியனும் சந்திரனும் விண்மீன்களுமே வழிகாட்டின; மழைநாளில் அவையும் இல்லை. தொண்ணூறு நாளளவில் யவதீபம் என்னும் சாவக நாட்டை அடைந்து, ஐந்து மாதம் தங்கி, வேறொரு கலத்திற் சீனம் நோக்கிப் புறப்பட்டார். அதிலும் விதி விடவில்லை. ஒரு மாதத்துக்குமேல் ஓடியபின் ஒரிரவு கடும் புயல் வந்தது. விடிந்ததும் கலத்திலிருந்த பிராமணர் சிலர் கூடி, இந்தத் துறவியை ஏற்றியதனாலேயே இத்துன்பம் வந்தது, ஏதேனும் தீவிலே இவரை இறக்கிவிடுவோம் என்று ஆலோசித்தனர். பாஹியனை ஆதரித்து வந்த ஒருவன், அவரை இறக்கினால் தன்னையும் இறக்கவேண்டும், அல்லது கொன்றுவிடவேண்டும். இல்லையேல் கரைசேர்ந்ததும் சீன அரசனிடம் முறையிடுவதாக உறுதிபடக் கூறினான். வணிகர் தயங்கினர். ஐம்பது நாளுக்கென்று ஏற்றிய உணவு எழுபது நாளுக்குப்பின் தீர்ந்துபோயிற்று. சமையலுக்குக் கடல்நீர் எடுத்தனர். குடிநீரை அளந்து பங்கிட்டனர். திசையை மாற்றி ஓட்டிப் பன்னிரண்டாம் நாள் ஒரு கரையை அடைந்தனர். எந்த நாடென்று எவருக்கும் தெரியவில்லை. அங்கே வளர்ந்திருந்த ஒருவகைக் கீரையைக் கண்ட பாஹியன், இது சீன மண்ணே என்று அறிந்தார். சாந்துங்கின் லாவோ மலையடிவாரம் அது. ஆண்டு 412. புறப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன.

பின்னர் தென்னாட்டுத் தலைநகரான சியென்காங்கில், இன்று நாங்கிங் எனப்படும் நகரிலே, புத்தபத்திரர் என்னும் இந்தியத் துறவியோடு அமர்ந்து மொழிபெயர்ப்புப் பணியைத் தொடங்கினார். பாடலிபுத்திரத்திற் படியெடுத்த விநயம் 418ஆம் ஆண்டிலே சீனமொழியில் நிறைவெய்தியது. இலங்கையிலிருந்து கொண்டுசென்ற விநயத்தை மொழிபெயர்க்கும் வேளை வருமுன்னே அவர் மறைந்தார். 423ஆம் ஆண்டில் காசுமீரத்திலிருந்து வந்த புத்தஜீவர் என்பவர் அதனை எடுத்து அடுத்த ஆண்டளவில் முடித்தார். மகீசாசகரின் விநயம் முழுமையாக இன்று கிடைப்பது அந்தச் சீன மொழிபெயர்ப்பிலே மட்டும்தான். புயலிலே வணிகர் கை சற்று நீண்டிருந்தால் அதுவும் இல்லை. ஆனால் பிற்கால உலகம் போற்றுவது அவர் சுமந்துவந்த நூல்களையன்று, அவற்றைச் சுமந்த கதையை எழுதிய சிறு குறிப்பையே. 1836ஆம் ஆண்டிலே பிரெஞ்சு மொழியில் அது வெளிவந்தபின், இலங்கை வரலாறு எழுதுவோர் எவரும் அதனைத் தொடாமற் சென்றதில்லை. பாஹியன் இதனைக் கேட்டிருப்பின் வியந்திருப்பார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் முதியவர் ஒருவரின் மனவுறுதியைப் பாராட்டி விட்டுவிடலாம். நூல்கள் கரையேறியபின் நடந்ததே அதைவிட நுட்பமானது.

ஐந்தாம் நூற்றாண்டின் முதற் கால் நூற்றாண்டுக்குள்ளே நான்கு பிரிவினரின் விநயங்கள் சீன மொழியில் அடுத்தடுத்து வந்துவிட்டன. ஒரு காலத்தில் குறைபட்டுக் கிடந்த துறையிலே ஏடுகள் பெருகின. அவற்றைப் படித்தவர்களுள் பெண்களும் இருந்தனர். சீனத்திலே பிக்குணிகள் முந்திய நூற்றாண்டிலிருந்தே இருந்து வந்தனர். ஆனால் அவர்களுக்குத் தீட்சை அளித்தவர்கள் பிக்குகள் மட்டுமே. விநயமோ, ஒரு பெண் பிக்குணியாவதற்குப் பிக்குணி சங்கம், பிக்கு சங்கம் ஆகிய இரண்டின் முன்னிலையிலும் தீட்சை பெறவேண்டும் என்று விதித்திருந்தது. பல்லாண்டு தவம் செய்து, மாணவியரை உருவாக்கி, மடங்களை நடத்திவந்த மூத்த பிக்குணிகள் அவ்விதியைக் கண்டபொழுது, தாம் பிக்குணிகள்தாமா என்ற ஐயம் பிறந்தது. வாழ்நாள் முழுவதும் நின்ற மண் காலடியிலே கரையத் தொடங்கியது.

429ஆம் ஆண்டிலே நந்தி என்னும் கலத்தலைவன் சிங்களத் தீவிலிருந்து பிக்குணிகள் சிலரைச் சியென்காங்குக்கு அழைத்து வந்தான். எண்மர் வந்தனர் என்று ஒரு நூல் கூறுகிறது. அவர்கள் தங்கிய இடத்திலே செங்குவோ என்ற சீனப் பிக்குணியிடம், இதற்குமுன் அயல்நாட்டுப் பிக்குணிகள் எவரேனும் வந்ததுண்டா என்று கேட்டனர். இல்லை என்று அவர் விடை சொன்னார். அப்படியானால் இந்நாட்டு முதற் பிக்குணிகள் இரு சங்கத்தின் முன் தீட்சை பெற்றது எவ்வாறு என்பது அடுத்த கேள்வி. கடலைக் கடந்துவந்த விருந்தினர், ஏட்டிலே புகைந்துகொண்டிருந்த ஐயத்தை வாய்விட்டே கேட்டுவிட்டனர்.

இது குறித்துக் குணவர்மர் என்னும் காசுமீரத் துறவியிடம் முறையிட்டனர். இவரும் இலங்கைக்கும் சாவகத்துக்கும் சென்று, நந்தியின் கலத்திலேயே சீனம் வந்தவர் என்பர். முன்னையோர் பெற்ற தீட்சை பழுதன்று என்று அவர் ஆறுதல் கூறினார். பிக்குணிகள் அந்த ஆறுதலோடு அமைந்திருக்கலாம். அமையவில்லை, முறைப்படி மீண்டும் தீட்சை பெறவே விரும்பினர். விதியோ பத்துப் பேர் வேண்டும் என்றது. வந்திருந்த இலங்கைப் பிக்குணிகள் அத்தொகைக்குக் குறைந்தவர்கள். ஆகவே அவர்கள் சீனமொழியைக் கற்றுக்கொண்டு காத்திருப்பது என்றும், மேலும் சிலரை அழைத்துவருவது என்றும் ஏற்பாடாயிற்று. குணவர்மர் 431இல் இறந்தார். 433ஆம் ஆண்டிலே நந்தியின் கலம் மீண்டும் வந்தது. அதில் பதினொரு பிக்குணிகள் இருந்தனர். அவர்களுள் ஒருவரின் பெயர் மட்டுமே சீன ஏட்டிற் பதிந்துள்ளது. சீன எழுத்தின் ஒலியைக் கொண்டு அதனைத் தேவசாரா என மீட்டுரைப்பாரும் உளர், திஸ்ஸரா என்பாரும் உளர். ஏனையோர் எந்த ஊரினர், யாருடைய மகளிர் என்பது கடலுக்குத்தான் தெரியும். சங்கவர்மர் என்னும் துறவியின் தலைமையிலே முந்நூறுக்கு மேற்பட்ட சீனப் பிக்குணிகள் இரு சங்கத்தின் முன்னிலையில் மீண்டும் தீட்சை பெற்றனர். பழுத்த துறவியர் பலர் அன்று புதியவர்போல் நின்றிருப்பர்.

சங்கமித்தை கொணர்ந்த பிக்குணி சங்கம் இலங்கையிலே பதினோராம் நூற்றாண்டளவில், சோழராட்சிக் காலத்தையொட்டி, அற்றுப்போயிற்று. சீனத்தில் அற்றுப்போகவில்லை. 1998ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் புத்தகயாவிலே, தாய்வானின் ஃபோ குவாங் ஷான் மடத்தார் நடத்திய தீட்சைச் சடங்கிலே இலங்கைப் பெண்களும் பிக்குணிகளாயினர். அவ்வாண்டே தம்புள்ளையிலும் தீட்சை நடந்தது. தேரவாத முறைக்கு இது ஏற்குமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வாதிடும் இரு சாராரும் சான்றுக்கு விரிப்பது விநய நூலையே.